தகரத்தின் சாட்சியம்: அமெரிக்க அதிபர் தேர்தல் பேட்ஜ்களை ஆவணமாக வாசித்தல்

1. கேள்வி

அமெரிக்காவின் பழம்பொருள் சந்தைகளில் வில்லியம் மெக்கின்லியின் பேட்ஜ் இன்றும் எளிதாகக் கிடைக்கிறது. 1896 அதிபர் தேர்தலுக்காகச் செய்யப்பட்டது அது. விட்டம் இரண்டரை சென்டிமீட்டருக்கும் குறைவு. நடுவில் அடர்ந்த புருவமும் இறுகிய வாயுமாக ஒரு முகம். சுற்றிலும் தேசியக் கொடியின் நிறங்கள். மேலே கண்ணாடிபோல் இழுத்துப் போர்த்திய செல்லுலாய்டு, பின்னால் ஒற்றைக் கம்பியை வளைத்துச் செய்த ஊசி. நூற்றிருபத்தைந்து ஆண்டுகள் கடந்தும் வண்ணம் மங்காதவை ஏராளமாக இருக்கின்றன.

இத்தகைய பொருள்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே முடிவுக்கு வருகிறார்கள். மேடைப்பேச்சும் தலையங்கமும் தலைவர்களின் குரல். பேட்ஜ் சாமானியரின் குரல். அவர் தம் சட்டையில் தாமே குத்திக்கொண்டார், ஆகவே அது அவர் மனத்தைக் காட்டுகிறது என்பது அவர்களின் வாதம். ஏலப் பட்டியல்களின் வருணனைகளிலும் இந்தத் தொனியே ஒலிக்கிறது. இதை அப்படியே ஏற்கலாமா என்று சோதிப்பதே இக்கட்டுரையின் வேலை.

நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கும் பேட்ஜ்கள் முதலில் சொல்வது, அவற்றைச் செய்தவரையும் பணம் கொடுத்தவரையும் பத்திரப்படுத்தியவரையும் பற்றித்தான். அணிந்தவரைப் பற்றி அவை தாமாக வாய் திறப்பதில்லை. வேறொரு சான்றை அருகே வைத்தால்தான் அந்தப் பேச்சு தொடங்கும். இதுவே என் வாதம். இதற்குச் சில விதிவிலக்குகளும் உண்டு. அவற்றைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

2. ஊசி வருவதற்கு முன்

தொடக்கத்தில் இவை உண்மையான பொத்தான்களாகவே இருந்தன. 1789இல் ஜார்ஜ் வாஷிங்டன் பதவியேற்றபோது செம்பிலும் பித்தளையிலும் செய்த பொத்தான்களை மேலங்கியில் தைத்துக்கொண்டார்கள். நடுவில் அவர் பெயரின் முதலெழுத்துகள், சுற்றிலும் பதின்மூன்று மாநிலங்களின் எழுத்துகளைக் கொண்ட சங்கிலி வளையங்கள், அதிபர் நீடு வாழ்க என்ற வாசகம். வாஷிங்டனுக்கு எதிராக யாரும் நிற்கவில்லை. ஆகவே அவை வாக்குக் கேட்கும் பொருள்கள் அல்ல, கொண்டாட்டத்தின் பொருள்கள். தேர்தல் பேட்ஜ்களின் வரலாற்றை 1789இலிருந்து தொடங்கும் வழக்கம் இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

வாக்குக் கேட்கும் பொருள்கள் 1820களில் ஆண்ட்ரூ ஜாக்சனின் பெயர் பொறித்த பதக்கங்களாகத் தலைகாட்டின. 1840இல் அவை வெள்ளமாகப் பெருகின. விக் கட்சியின் வேட்பாளர் வில்லியம் ஹென்றி ஹாரிசனுக்கு ஒரு பீப்பாய் சைடரைக் கொடுத்தால் மரக்குடிசையில் நிம்மதியாகக் கிடப்பார் என்று எதிர்க்கட்சி நாளேடு ஒன்று எள்ளியது. அந்த ஏளனத்தையே விக் கட்சியினர் சின்னமாக்கிக்கொண்டார்கள். மரக்குடிசையும் சைடர் பீப்பாயும் பதக்கங்களிலும் பட்டு நாடாக்களிலும் மார்பு ஊக்குகளிலும் ஏறின. ஆனால் ஹாரிசன் பிறந்தது வர்ஜீனியாவின் பெருந்தோட்ட மாளிகை ஒன்றில். அவருடைய தந்தை அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். குடிசைப் பதக்கத்தை மட்டும் பார்த்து வேட்பாளரை அறிய முயன்றால் உண்மைக்கு நேர் எதிரான முடிவுக்கு வருவோம் என்பதற்கு இது முதல் பாடம்.

1860இல் புகைப்படம் வந்தது. மெல்லிய இரும்புத் தகட்டிலேயே படமெடுக்கும் ஃபெரோடைப் முறையில் ஆபிரகாம் லிங்கனின் முகம் பித்தளைச் சட்டத்துக்குள் அமர்ந்தது. மறுபக்கத்தில் துணை அதிபர் வேட்பாளர் ஹானிபல் ஹாம்லின். மேலே ஒரு துளை. அதில் நாடா கோத்துக் கட்டிக்கொள்வார்கள். இந்தப் பதக்கங்கள் பலவற்றுக்கும் மூலம், 1860 பிப்ரவரி 27 அன்று கூப்பர் யூனியன் உரைக்காக லிங்கன் நியூயார்க் சென்றிருந்தபோது மேத்யூ பிராடி எடுத்த படம். லிங்கன் தாடி வளர்க்கத் தொடங்கியது அந்த ஆண்டின் இறுதியில்தான். ஆகவே தாடியில்லாத முகம் 1860ஐயும் தாடியுள்ள முகம் 1864ஐயும் குறிக்கும். அணிந்தவர் யாரென்று தெரியாத பொருளிலும் காலத்தைத் தெளிவாகப் படிக்க முடிகிறது. முகத்தின் சாட்சியம் இவ்வளவு துல்லியமாக அமைவது அரிது.

3. நியூவர்க் தொழிற்சாலையும் ஹானாவின் பணப்பையும்

1896தான் திருப்புமுனை. நியூ ஜெர்சி மாநிலம் நியூவர்க்கில் இருந்த ஒயிட்ஹெட் அண்ட் ஹோக் நிறுவனம், அச்சிட்ட காகிதத்தின் மேல் ஒளிபுகும் செல்லுலாய்டைப் போர்த்தி, இரண்டையும் தகர வட்டின் மீது இழுத்து, ஓரத்தை உள்நோக்கி மடித்து, ஓர் உலோக வளையத்தால் இறுக்கி, அந்த வளையத்துக்குள் ஊசியைச் செருகும் முறையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பாஸ்டனைச் சேர்ந்த அமாண்டா லூகீ என்ற பெண் பொத்தானுக்கு உறை போடும் முறைக்குப் பெற்றிருந்த காப்புரிமையை வாங்கித்தான் அந்த நிறுவனம் இந்த வழிக்கு வந்தது. அவருடைய பெயர் இந்த வரலாற்றில் பெரும்பாலும் ஒரு வரிக்குள் முடிந்துவிடுகிறது. அரசியலில் வாக்குரிமைகூட இல்லாத ஒருத்தியின் கண்டுபிடிப்பு அடுத்த நூறாண்டுத் தேர்தல்களின் முகத்தை வடிவமைத்தது என்பதை நான் ஒரு வரியில் கடந்துபோக விரும்பவில்லை.

இந்த நிறுவனத்தின் பழைய பேட்ஜைத் திருப்பிப் பார்த்தால் உட்குழிவில் ஒரு வட்டக் காகிதம் ஒட்டியிருக்கும். அதில் நிறுவனத்தின் பெயர், ஊர், பிறகு காப்புரிமைத் தேதிகள்: 1894 ஜூலை 17, 1896 ஏப்ரல் 14, 1896 ஜூலை 21. கடைசித் தேதியைக் கவனிக்க வேண்டும். சிகாகோ மாநாட்டில் ஜனநாயகக் கட்சியின் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் தமது புகழ்பெற்ற தங்கச் சிலுவை உரையை ஆற்றியது ஜூலை 9 அன்று. அதற்குப் பன்னிரண்டு நாள் கழித்துக் காப்புரிமை கிடைத்திருக்கிறது; வாக்குப்பதிவு நவம்பர் 3. புதிய சரக்கை விற்கக் காத்திருந்த ஒரு தொழிற்சாலையும் செலவழிக்கப் பணம் வைத்திருந்த ஒரு கட்சியும் ஒரே கோடையில் சந்தித்தன.

பணம் மார்க் ஹானாவிடம் இருந்தது. மெக்கின்லியின் தேர்தல் பணியை நடத்திய அவர், வங்கிகளிடமும் பெரு நிறுவனங்களிடமும் திரட்டிய நிதி ஏறத்தாழ 35 லட்சம் டாலர் என்று பொதுவாக மதிப்பிடப்படுகிறது. பிரையன் தரப்பு அதில் பத்தில் ஒரு பங்கைத் திரட்டத் திணறியது. பிரையன் ரயிலில் 18,000 மைல் சுற்றினார். மெக்கின்லியோ ஓஹாயோவின் கான்டன் நகரில் தம் வீட்டுத் திண்ணையை விட்டு நகரவில்லை. கூட்டங்கள் ரயிலேறி அவர் வாசலுக்கு வந்தன.

அந்தத் தேர்தலின் சண்டை நாணயத்தைப் பற்றியது. தங்கத்தை மட்டுமே அடிப்படையாகக் கொள்வதா, 16 பங்கு வெள்ளிக்கு 1 பங்கு தங்கம் என்ற கணக்கில் வெள்ளியையும் தாராளமாக நாணயமாக்குவதா? சாதாரண வாக்காளருக்கு எளிதில் பிடிபடாத பொருளாதாரக் கேள்வி இது. பேட்ஜ் அதை உருவமாக்கியது. கடனில் மூழ்கிய விவசாயிகள் தங்கத்தின் ஆதரவாளர்களைத் ‘தங்க வண்டு’ என்று திட்டினார்கள். மெக்கின்லி தரப்பு அந்த வசையையே ஏற்றுத் தங்க நிற வண்டு ஊக்குகளைச் செய்தது. ஒரு வகை வண்டின் முதுகில் சிறு விசை உண்டு. அழுத்தினால் இறக்கைகள் விரிந்து ஒன்றில் மெக்கின்லியும் மற்றொன்றில் துணை வேட்பாளர் ஹோபார்ட்டும் தெரிவார்கள். வெள்ளிக்காரர்கள் கடிகார முகப்பைப் பொறித்தார்கள். அதில் முட்கள் ஒரு மணிக்குப் பதினாறு நிமிடம் இருப்பதைக் காட்டும்.

இந்த வண்டையும் கடிகாரத்தையும் மக்களின் கற்பனை என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. அந்தக் கற்பனையில் விற்பனையாளருக்கு இருந்த பங்கு பெரிது. அதே காலத்தில் சிகரெட்டோடும் சூயிங்கத்தோடும் இலவசமாகக் கொடுக்கும் பேட்ஜ்களையும் இதே தொழிற்சாலை செய்துகொண்டிருந்தது. வேட்பாளரின் முகமும் சிகரெட் பெட்டியின் இலவசப் பொருளும் ஒரே வகை இயந்திரத்திலிருந்து வந்தன.

4. இதுவரை சொல்லப்பட்டவை

இந்தப் பொருள்களை ஆராய்ந்தவர்கள் இரு வகையினர். அவர்கள் ஒருவரையொருவர் அதிகம் படித்ததாகத் தெரியவில்லை.

முதல் வகையினர் சேகரிப்பாளர்கள். காப்பீட்டு நிறுவனத் தலைவராக இருந்த ஜே. டாயில் டெவிட் 1789 முதல் 1889 வரையிலான பொருள்களுக்கு 1959இல் ஒரு பட்டியல் நூலை வெளியிட்டார். 1896க்குப் பிந்தைய காலத்துக்குத் தியடோர் ஹேக் 1974இல் ஒரு கலைக்களஞ்சியம் கொண்டுவந்தார். இன்றும் சேகரிப்பாளர்கள் ஒரு பேட்ஜை அதன் ‘ஹேக் எண்’ சொல்லி அடையாளம் காட்டுகிறார்கள். 1945இல் தொடங்கிய அமெரிக்க அரசியல் பொருள் சேகரிப்பாளர் சங்கம் அவர்களை ஒன்றுசேர்த்தது. இவர்களின் உழைப்பு இல்லாவிட்டால் நமக்கு எந்தச் சான்றும் மிஞ்சியிருக்காது. பல்கலைக்கழகங்கள் இவற்றைக் குப்பையாகக் கருதிய காலத்தில் இவர்கள் காத்தார்கள்.

இரண்டாம் வகையினர் வரலாற்றாசிரியர்கள். ராஜர் ஃபிஷர் 1988இல் வெளியிட்ட ஆய்வு, 1828 முதல் 1984 வரையிலான தேர்தல் பொருள்களைப் பண்பாட்டுச் சான்றாக எடுத்துக்கொண்டு எழுதப்பட்ட முதன்மையான நூல். இவர்களிடமிருந்து சற்று விலகி நிற்பவர் மைக்கேல் மெக்கெர். வட மாநிலங்களின் தேர்தல் பண்பாட்டை ஆராய்ந்த அவரது 1986 நூல், தீவட்டி ஊர்வலமும் சீருடைப் படையும் நிறைந்த பழைய மக்கள் அரசியல் தேய்ந்து, விளம்பரத்தின் அரசியல் அதன் இடத்தைப் பிடித்த கதையைச் சொல்கிறது.

மெக்கெரின் வாதத்தை வைத்துப் பேட்ஜைப் பார்த்தால் ஒரு முரண் கண்ணில் படும். 1896இல் வாக்களிக்கத் தகுதியுள்ளவர்களில் ஏறத்தாழ 79 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். 1920இல் அது 49 விழுக்காட்டளவுக்குச் சரிந்தது. பெண்கள் முதன்முறையாக நாடு முழுவதும் வாக்காளர் ஆனதும் இச்சரிவுக்கு ஒரு காரணம். ஆனால் இறக்கம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அதாவது, பேட்ஜ் மலிந்து பெருகிய கால் நூற்றாண்டும் வாக்குப்பதிவு தளர்ந்த கால் நூற்றாண்டும் ஒன்றே. பேட்ஜ் மக்கள் உற்சாகத்தின் அளவுகோலாக இருந்தால் இப்படி நடந்திருக்கக் கூடாது. இரவெல்லாம் தீவட்டி ஏந்தி நடக்க ஒருவர் தம் உழைப்பையும் உடலையும் தர வேண்டும். பேட்ஜைக் குத்திக்கொள்ள நொடிப்பொழுது போதும். அது ஊர்வலத்தின் தொடர்ச்சி என்பதைவிட ஊர்வலம் போனபின் எஞ்சிய இடத்தை நிரப்பியது என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

5. அரிதானது எது, ஏன்?

சந்தை விலையை வரலாற்று மதிப்பாக எடுத்துக்கொள்வது இத்துறையின் பழைய நோய். இதற்கு 1920 தேர்தலின் காக்ஸ்–ரூஸ்வெல்ட் பேட்ஜைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜேம்ஸ் காக்ஸ், துணை அதிபர் வேட்பாளர் 38 வயது ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். இருவர் முகமும் அருகருகே அமைந்த பேட்ஜைச் சேகரிப்பாளர்கள் ‘ஜுகேட்’ என்பார்கள். இந்த ஜோடியின் ஜுகேட்டுகள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. 2022இல் ஹேக்ஸ் ஏல நிறுவனத்தில் அவற்றுள் ஒன்று 1,85,000 டாலரைக் கடந்து விற்றது.

அவை அரிதானதற்குக் காரணம் வறுமை. காக்ஸ் தரப்பிடம் பணமில்லை. வாரன் ஹார்டிங் 60 விழுக்காடு வாக்குகளோடு வென்றார். காக்ஸுக்குக் கிடைத்தது 34 விழுக்காடு. அந்த வறுமைக்கு இன்று இவ்வளவு விலை வைத்தது பின்னர் நடந்த வரலாறு: துணை வேட்பாளராகத் தோற்றவர் 1933இல் அதிபரானார், நான்கு முறை வென்றார். 1920இல் அந்தப் பேட்ஜைக் கையில் வாங்கியவருக்கு இதில் எதுவும் தெரியாது. ஏலத் தொகை 1920ஐப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிந்தைய நூறாண்டைப் பற்றியே சொல்கிறது.

எதிர் எடுத்துக்காட்டு 1972. ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜார்ஜ் மெக்கவர்ன் ஜூலை நடுவில் தாமஸ் ஈகிள்டனைத் துணை வேட்பாளராக்கினார். மனச்சோர்வுக்காக அவர் மின்னதிர்ச்சிச் சிகிச்சை பெற்றிருந்த செய்தி வெளியானதும் மூன்று வாரத்துக்குள் விலக நேர்ந்தது. இவ்வளவு குறுகிய காலமே நிலைத்த ஜோடியின் பேட்ஜ் அரிதாக இருக்கும் என்று வீட்டில் ஒன்றை வைத்திருப்பவர் நம்புவது இயல்பு. ஆனால் மாநாடு முடிந்த கையோடு அச்சடித்துத் தள்ளிவிட்டார்கள்; விலகியவுடன் அவை நினைவுப்பொருளாகிப் பத்திரமும் ஆயின. இன்றைக்கும் சுலபமாகக் கிடைக்கின்றன. காலம் குறுகியதால் ஒரு பொருள் அரிதாகிவிடுவதில்லை.

இன்னொரு சிக்கல் பட்டியலிடும் முறையிலேயே இருக்கிறது. சேகரிப்பாளர் வகைக்கு ஒன்று தேடுகிறார். லட்சக்கணக்கில் செய்த பேட்ஜுக்கும் நூறே நூறு செய்த பேட்ஜுக்கும் அவர் பெட்டியில் ஒரே அளவு இடம். 1940இல் குடியரசுக் கட்சி வேட்பாளர் வெண்டல் வில்கியின் தேர்தல் இதற்குச் சான்று. மூன்றாம் முறை நிற்கும் ரூஸ்வெல்ட்டைத் தாக்கி எண்ணற்ற வாசகங்கள் வந்தன: மூன்றாவது பதவிக்காலம் கூடாது என்று பல வடிவில், எங்களுக்கு எலினாரும் வேண்டாம் என்று அதிபரின் மனைவியைக் குறிவைத்து ஒன்று. இவற்றில் பெரும்பகுதி கட்சி அலுவலகத்திலிருந்து வந்தவை அல்ல. வாசகம் விற்றால் போதும் என்றிருந்த வியாபாரிகள் செய்தவை. பட்டியல் நூலின் பக்கங்களை எண்ணினால் வில்கி அலை வீசியதாகத் தோன்றும். ஆனால் தேர்வாளர் குழுவில் அவருக்குக் கிடைத்தது 82 வாக்கு, ரூஸ்வெல்ட்டுக்கு 449.

6. முதுகைப் படித்தல்

பொருளின் முகத்தை எளிதில் நகலெடுக்கலாம். 1968இல் க்ளீனெக்ஸ் டிஷ்யூ விற்பனைக்காகவும் 1972இல் அமெரிக்கன் ஆயில் நிறுவனத்தின் விளம்பரத்துக்காகவும் பழைய தேர்தல் பேட்ஜ்களின் நகல்கள் பெருமளவில் வெளியாயின. அவற்றின் ஓரத்தில் ஆண்டுக் குறிப்பு இருந்தது. சிலர் அதைச் சுரண்டிவிட்டு அசலென்று விற்றார்கள். இத்தகைய ஏமாற்றைத் தடுக்க 1973இல் பொழுதுபோக்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அரசியல் பொருளின் நகல் ஒவ்வொன்றிலும் அது செய்யப்பட்ட ஆண்டு அழியாதபடி பொறிக்கப்பட வேண்டும் என்று அச்சட்டம் விதிக்கிறது. தேர்தல் பேட்ஜைக் காக்க நாடாளுமன்றமே சட்டம் இயற்றியது என்பது அதன் அன்றைய மதிப்பைக் காட்டும்.

சோதிக்கும் முறை எளிது. தகரத்தின் மேலேயே வண்ணத்தை அச்சிடும் லித்தோ முறை தேர்தல் பேட்ஜ்களில் 1910களின் பிற்பகுதியில்தான் பரவியது. ஆகவே மெக்கின்லியோ பிரையனோ லித்தோத் தகரத்தில் இருந்தால் அது பிற்கால நகல். விரல் நகத்தால் மெதுவாகத் தட்டினாலே செல்லுலாய்டின் மந்தமான ஒலிக்கும் தகரத்தின் கூரிய ஒலிக்கும் வேறுபாடு தெரியும். பிறகு ஓர மடிப்பைச் சுற்றிலும் உருப்பெருக்கியால் பார்க்க வேண்டும். அங்கே பொடி எழுத்தில் தயாரிப்பாளரின் பெயரும், தொழிற்சங்க அச்சகத்தில் செய்யப்பட்டதைக் காட்டும் சிறு முத்திரையும் இருக்கக்கூடும். தொழிலாளர் வாக்கை நாடிய வேட்பாளருக்கு அந்த முத்திரை முகத்திலுள்ள வாசகத்தைவிட முக்கியம். அது இல்லாத பேட்ஜைச் சங்கத் தொழிலாளி தொட மாட்டார்.

பின்காகிதம், காப்புரிமைத் தேதி, ஊசியின் வளைவு, ஓரத்து முத்திரை ஆகியவை யாரையும் கவர எழுதப்பட்டவை அல்ல. அதனால்தான் அவற்றை நம்பலாம். ஏல இணையதளங்களும் பல அருங்காட்சியகப் பதிவுகளும் முகத்தை மட்டும் படமெடுத்துப் போடுவது ஆய்வுக்குப் பெரும் இழப்பு. இதை நான் வருத்தத்தோடு சொல்கிறேன். பின்பக்கப் படம் ஒன்றைச் சேர்க்கக் கூடுதலாக ஆகும் செலவு ஒன்றுமில்லை.

7. ஒரே படம், இரு தரப்பு

முகத்தின் சாட்சியம் எவ்வளவு வழுக்கக்கூடியது என்பதை ‘சமத்துவம்’ என்ற பேட்ஜைப்போல் வேறெதுவும் காட்டாது.

1901 அக்டோபர் 16 அன்று அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட், கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனை வெள்ளை மாளிகையில் இரவு உணவுக்கு அழைத்தார். தென் மாநில நாளேடுகள் கொதித்தன. செனட் உறுப்பினர் ஒருவரே கொலைமிரட்டலுக்கு நிகரான வார்த்தைகளைப் பேசினார். கறுப்பினத்தவரை அந்த மேசைக்கு ரூஸ்வெல்ட் மீண்டும் அழைக்கவில்லை. அந்த விருந்து சில ஆண்டுகளில் பேட்ஜ் ஆனது. வெள்ளை விரிப்புப் போட்ட சிறு மேசை, எதிரெதிரே இருவர், கீழே ‘சமத்துவம்’ என்ற ஒற்றைச் சொல்.

இதை யார் அணிந்தார்கள்? ஒரு தரப்பு, லிங்கனின் கட்சி என்று குடியரசுக் கட்சியை நேசித்த கறுப்பினத்தவர் பெருமையோடு அணிந்தது என்கிறது. மறுதரப்பு, 1904 தேர்தலில் தெற்கத்திய ஜனநாயகக் கட்சியினர் வெள்ளை வாக்காளர்களை அச்சுறுத்த வினியோகித்தது என்கிறது. இரண்டுக்கும் இடமிருக்கிறது, ஏனென்றால் இதில் பல வடிவங்கள் உண்டு. சிலவற்றில் புக்கரின் முகம் நிழற்படத்துக்கு நெருக்கமாக, கண்ணியமாக வரையப்பட்டிருக்கிறது. சிலவற்றில் தோல் வேண்டுமென்றே கருப்பாக்கப்பட்டு, இருவருக்குமிடையிலான நிற வேறுபாடு உறைக்கும்படி செய்யப்பட்டிருக்கிறது. வாசகத்தில் ஓரெழுத்தும் மாறவில்லை.

இவ்வடிவங்களை இரண்டாகப் பிரித்து, வெளிர்ந்தது ஆதரவு, கருத்தது எதிர்ப்பு என்று முடிக்கும் போக்கு சேகரிப்பாளரிடம் உண்டு. இது அவசரம் என்றே நினைக்கிறேன். அச்சில் மை கூடிக்குறைவதும் உண்டு. எதிர்ப்புக்காகச் செய்த பேட்ஜைப் பிடிவாதத்தோடு பெருமையாகக் குத்திக்கொண்ட கறுப்பினத்தவர் இருந்திருக்கவும் கூடும். தங்க வண்டையும் மரக்குடிசையையும் அப்படித்தானே எதிரியிடமிருந்து பறித்தார்கள்? ஆனால் இதில் ஓர் ஈவிரக்கமற்ற வேறுபாடு உண்டு. தங்க வண்டை அணிந்தவருக்கு எந்த ஆபத்தும் இல்லை. 1904இன் தெற்கில் இந்தப் பேட்ஜை ஒரு கறுப்பர் அணிந்து தெருவில் நடப்பது உயிரோடு விளையாடுவது. ஒரே தகரம், யார் மார்பில் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒருவருக்குக் கேலிப்பொருளாகவும் மற்றவருக்கு உயிர்ப்பணயமாகவும் ஆகிறது. அந்த மார்பு யாருடையது என்பதைப் பேட்ஜ் பதிவு செய்யவில்லை.

8. அணிவதே சொல்லாகும்போது

சில பேட்ஜ்களைச் செய்வதற்கும் அணிவதற்கும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. என் வாதத்துக்கு விதிவிலக்கு என்று தொடக்கத்தில் குறிப்பிட்டவை இவை.

முதலாவது 1920இல் சோஷலிஸ்ட் கட்சியின் யூஜின் டெப்ஸுக்காகச் செய்தது. 1918 ஜூனில் அவர் போரை எதிர்த்துப் பேசியதற்காகப் பத்தாண்டு சிறைத்தண்டனை பெற்று அட்லாண்டா சிறையில் இருந்தார். அந்த உரை நிகழ்ந்த ஊர் கான்டன். மெக்கின்லி திண்ணையில் அமர்ந்து அதிபரான அதே கான்டன். பேட்ஜில் சிறை உடையில் டெப்ஸின் முகம். அதிபர் பதவிக்குக் கைதி எண் 9653 என்ற வாசகம். கட்சிப் பெயரும் இல்லை, வாக்குறுதியும் இல்லை. அரசு ஒருவரின் பெயரைப் பறித்துத் தந்த எண்ணையே பெயராக ஏற்கும் துணிவு அதில் இருக்கிறது. தீவிர இடதுசாரிகளைக் கைது செய்வதும் நாடு கடத்துவதும் உச்சத்தில் இருந்த ஆண்டு அது. அந்த ஆண்டில் இதை அணிவது தன்னை அடையாளம் காட்டிக்கொள்வதாகும். டெப்ஸுக்கு 9 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் கிடைத்தன. அவர் சிறையிலிருந்தபடியே தோற்றார். 1921 கிறிஸ்துமஸின்போது ஹார்டிங் அவரை விடுவித்தார்.

பெண்களின் வாக்குரிமைப் பேட்ஜ்கள் இன்னொரு வகை. வாக்கு இல்லாதவர்கள் வாக்குக்காக அணிந்தவை அவை. தேர்தல் முடிவை வைத்து அவற்றை அளக்க வழியே இல்லை.

1972இல் ஷெர்லி சிஸம், இரு பெருங்கட்சிகளில் ஒன்றின் அதிபர் வேட்பாளராக நியமனம் பெறப் போட்டியிட்ட முதல் கறுப்பினப் பெண். யாராலும் விலைக்கு வாங்கப்படாதவர், யாருக்கும் அடிபணியாதவர் என்பது அவருடைய முழக்கம். அவரிடம் பணம் மிகக் குறைவு, பேட்ஜ்களும் குறைவே. ஆனால் 47 ஆண்டுகள் கழித்து, 2019 ஜனவரியில், சென்னையில் பிறந்த ஷியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் அதிபர் வேட்பாளராகக் களமிறங்கியபோது, அவருடைய இலச்சினையின் நிறங்களும் எழுத்தமைப்பும் சிஸத்தின் தேர்தல் பொருள்களை நினைவுகூர்ந்து வடிவமைக்கப்பட்டன. வாக்கில் தோற்ற ஒரு பேட்ஜ் இப்படி அரை நூற்றாண்டு கழித்து வாசகரைப் பெறுவது, ஏலத் தொகையில் பதிவாகாத ஒரு வாழ்வு.

1952இன் ஷூ ஊக்கையும் இங்கே சேர்க்கலாமா என்று யோசித்தேன். மிச்சிகன் மாநிலம் ஃபிளின்ட்டில் மேடையில் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருந்த ஜனநாயகக் கட்சி வேட்பாளர் அட்லாய் ஸ்டீவன்சனின் ஷூவின் அடிப்பாகத்தில் ஓட்டை விழுந்திருந்ததை வில்லியம் காலகர் படமெடுத்தார். அது அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. ஓட்டை விழுந்த ஷூவின் அடிப்பாகம்போலவே சிறு ஊக்குகளை ஆதரவாளர்கள் அணிந்தார்கள். அழகான பொருள்தான். ஆனால் அதை அணிந்தவர் எதையும் பணயம் வைக்கவில்லை. ஆகவே அது மரக்குடிசையின் வரிசையில் சேரும், டெப்ஸின் வரிசையில் அல்ல.

9. சட்டத்தின் பார்வையில்

தொலைக்காட்சி விளம்பரம் பேட்ஜின் பணத்தை விழுங்கியது பலரும் சொன்ன கதை. சட்டத்தின் பங்கு அவ்வளவாகப் பேசப்படவில்லை. 1974 தேர்தல் நிதிச் சட்டத் திருத்தங்களுக்குப் பிறகு, 1976இல் அதிபர் வேட்பாளர்களான ஃபோர்டும் கார்ட்டரும் அரசு நிதியாகத் தலா 2.18 கோடி டாலர் பெற்று அந்த எல்லைக்குள் செலவிட வேண்டியிருந்தது. எல்லை வந்ததும் இரு தரப்பும் காசைத் தொலைக்காட்சிக்கே ஒதுக்கின. ஊர்க்கிளைகள் பேட்ஜும் சுவரொட்டியுமின்றித் தவித்தன. 1979 திருத்தம் இதைச் சரிசெய்ய முயன்றது. தொண்டர்கள் வினியோகிக்கும் பேட்ஜ், ஸ்டிக்கர், துண்டறிக்கை போன்றவற்றுக்கு மாநில, உள்ளூர்க் கட்சிக் கிளைகள் செய்யும் செலவை வரம்பிலிருந்து விலக்கியது. பணம் எங்கே நின்றதோ அங்கே பேட்ஜும் நின்றது என்ற என் வாதத்துக்குச் சட்டப் புத்தகமே சான்று தருகிறது.

செலவை மட்டுமல்ல, அணிவதையும் சட்டம் தொட்டது. மினசோட்டா மாநிலச் சட்டம் ஒன்று வாக்குச்சாவடிக்குள் அரசியல் பேட்ஜ், அரசியல் பட்டன், வேறெந்த அரசியல் சின்னமும் அணியக் கூடாது என்றது. 2018இல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அதைச் செல்லாது என்றது. வாக்குச்சாவடிக்குள் அமைதி காக்க மாநிலத்துக்கு உரிமை உண்டு. ஆனால் எது ‘அரசியல்’ என்பதைத் தெளிவாக வரையறுக்காமல் தேர்தல் அலுவலரின் முடிவுக்கு விட முடியாது என்பது தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதிய தீர்ப்பின் சாரம். அந்த வழக்கின் மையத்தில் இருந்த பட்டனில் எந்த வேட்பாளரின் பெயரும் இல்லை. என்னிடம் அடையாள அட்டை கேளுங்கள் என்ற வேண்டுகோள் மட்டுமே இருந்தது. அதை யார், எப்போது, எந்தச் சாவடியில் அணிந்து வந்தார் என்பது நீதிமன்ற ஆவணத்தில் ஏறிவிட்டது. அணிந்தவரோடு சேர்த்துப் பதிவான அபூர்வமான பேட்ஜ் அது.

நீதிமன்றத்துக்குப் போகாமலே அணிந்தவரைப் பதிவு செய்ய முடியும். ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகக் காப்பாளர்களான லாரி பேர்டும் ஹாரி ரூபன்ஸ்டைனும் பல தேர்தல்களாகக் கட்சி மாநாட்டுக் கூடங்களுக்கே நேரில் சென்றார்கள். பிரதிநிதிகள் அணிந்திருந்த தொப்பியையும் பேட்ஜையும் அவர்களிடமே கேட்டு வாங்கி வந்தார்கள். ஏலக்கூடத்தில் வாங்கும் பேட்ஜுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்: இங்கே கொடுத்தவரிடம் ஏன் அணிந்தீர்கள் என்று கேட்க முடிகிறது. ‘சமத்துவம்’ பேட்ஜுக்கு அப்படிக் கேட்க இன்று யாருமில்லை. 1904இல் வெளியான கறுப்பின வார இதழ்களின் செய்திகளிலும் விளம்பரங்களிலும், குடும்ப ஆல்பங்களில் கோட்டின் மடிப்போடு தெரியும் பழைய நிழற்படங்களிலும் ஒவ்வொன்றாகத் தேடித்தான் அதற்கான விடையைச் சேர்க்க வேண்டும்.